'மே' என்பதும் 'ஷல்' என்பதும்

ஆங்கிலத்தில் 'கேன்', 'மே', 'மஸ்ட்', 'ஷல்' முதலிய துணைவினைகள் முதன்மை வினைக்கு முன்னே நிற்பன. எழுவாய் ஒருமையாயினும் இவை 'எஸ்' என்னும் ஈறு ஏலா. அடுத்து வரும் வினையும் திரியாது நிற்கும். இவற்றை அறிய இவ்வடையாளங்கள் போதும். தமிழில் இப்பணியை வினையின் ஈற்றுப்பகுதி செய்கிறது: 'வரலாம்' என்பது இசைவு; 'வரவேண்டும்' என்பது கட்டாயம்.

நசரத்பேட்டைச் சிறுவனுக்கு இது தேர்வுப் பாடம். 1963-இலோ இதுவே நாட்டின் வழக்காயிற்று. 1965 சனவரி 26-க்குப் பின்னும் இந்தியோடு ஆங்கிலமும் வழங்க இடந்தந்த ஆட்சிமொழிச் சட்டம், அதற்கு 'மே' என்னும் சொல்லையே ஆண்டது. 'வழங்கலாம்' எனின் வழங்காமலும் விடலாமன்றோ? ஆகவே அண்ணா முதலியோர் 'ஷல்' வேண்டுமென்றனர். இரண்டும் ஈண்டு ஒருபொருளனவே என்றார் நேரு. ஐயம் தீரவில்லை, 1965-இல் தமிழகம் கொந்தளித்தது, உயிர்கள் மாய்ந்தன.

1967 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு நடுவணரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலத்தை விதித்தது. அவ்விடத்தில் நின்ற சொல் 'ஷல்'.

ஒப்பந்தமோ ஆணையோ கைக்கு வந்தால், முதன்மை வினைக்கு முன் நிற்கும் துணைவினையை முதலில் நோக்குங்கள். தருவோம் என்கிறார்களா, தரலாம் என்கிறார்களா என்பதை அதுவே உரைக்கும்.