வண்ணம் கலைய, வடிவம் நிலைக்க

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் வேதியியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்றார் நம் செயலாளர். சின்னஞ்சிறு பொம்மைகள் மேல் இருக்கிற பழைய பெயின்ட்டை எப்படி உரிப்பது என்று பேசப் போகிறேன். "இந்த வயசுல பொம்மையா சார்?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நாம் மூன்று வருஷம் படித்த வேதியியல் முழுக்க இதற்குள் இருக்கிறது.

நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தது இங்கிலாந்தில், நாட்டிங்காம் நகரத்தில். அங்கே பெரியவர்களே கட்டைவிரல் உயரப் போர்வீரர்களைச் சேர்த்து, கண்ணுக்குக் கண், பொத்தானுக்குப் பொத்தான் வண்ணம் தீட்டி, மேஜையில் அணிவகுத்து விளையாடுவார்கள். இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் ஒரு யுக்தி செய்தது. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியதும் நடுவில் இருக்கும் குழம்பை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். உள்ளே வெறும் கூடு. உலோகம் மிச்சம், விலையும் மலிவு. எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் இந்த மாதிரி வீரர்களை வைத்து விளையாட 'லிட்டில் வார்ஸ்' என்று விதிமுறைப் புத்தகமே எழுதினார். 1966-ல் பிரிட்டன் நிறுவனம் ஈயப் பொம்மைகளை நிறுத்திவிட்டது. அதற்குள் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பிளாஸ்டிக் வீரர்கள் வந்துவிட்டார்கள். 1983-ல் வார்ஹாமர் விளையாட்டு வந்தது. அதை நடத்தும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் எங்கள் நாட்டிங்காம்தான்.

இந்தப் பொம்மைகள் கை மாறிக்கொண்டே இருக்கும். யாரோ ஒரு பையன் சின்ன வயதில் அப்பிய பெயின்ட், அதன் மேல் அவன் தம்பி அப்பியது என்று முகமே தெரியாமல் வரும். ஆனால் அந்தத் தடிமனுக்கு அடியில் ஒரு சிற்பி செதுக்கிய மூக்கும் மீசையும் சேதமில்லாமல் இருக்கும். அதை வெளியே கொண்டுவருவதுதான் வேலை. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும்.

முதல் கேள்வி: அடியில் இருப்பது என்ன?

"ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்று முதலாம் ஆண்டில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பெயின்ட்டைக் கரைக்கிற திரவம் பொம்மையையும் கரைத்துவிடக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் பொம்மை பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அசிடோனில் போட்டால் அரை மணியில் சூயிங் கம் மாதிரி ஆகிவிடும். தின்னரும் அப்படித்தான். பிளாஸ்டிக் மாடல்களை ஒட்டும் பசையே இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது: இரண்டு முகத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். அதே அசிடோனில் ஈய, வெள்ளீயப் பொம்மையைப் போட்டால் உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கேடயம், பீடம் பிளாஸ்டிக்காக இருந்தால் முதலில் கழற்றிவிட வேண்டும்.

எது எது என்று எப்படித் தெரியும்? கையில் கனத்தால் உலோகம். அதைக் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் ஈயம் நிறைய இருக்கிறது என்று சந்தேகப்படலாம். பிளாஸ்டிக் என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். வளைந்து கொடுக்கிற பாலிதீன் மிதக்கும், பாலிஸ்டைரீன் மூழ்கும். பழைய ஏர்ஃபிக்ஸ் வீரர்கள் பாலிதீன். அதில் பெயின்ட் சரியாக ஒட்டவே ஒட்டாது, வளைத்தாலே செதில் செதிலாக உதிரும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக் கொலு பொம்மையை எடுத்து ஊறவைத்துவிடாதீர்கள். அது மண்! (சிரிப்பு)

இரண்டாவது கேள்வி: மேலே இருப்பது என்ன?

அக்ரிலிக் பெயின்ட் ஈரமாக இருக்கும்போது தண்ணீரில் கழுவலாம். காய்ந்தபின் அதன் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தோலாகிவிடும். அப்புறம் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அதை இளக்கும், பாலிஸ்டைரீனைத் தொடாது. ஆகவே அக்ரிலிக் பூசிய பிளாஸ்டிக்குக்கு அது நல்ல துணை. எனாமல் கதை வேறு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினை புரிந்து வலைப்பின்னலாக இறுகுவது. அதைக் கரைக்க முடியாது, உப்பவைத்து உரிக்கத்தான் முடியும். ஆல்கஹால் அங்கே திணறும்.

இங்கிலாந்தில் பலரும் நாடுவது எதை என்று நினைக்கிறீர்கள்? நம் வீட்டுக் குளியலறையில் இருக்கிற அதே டெட்டால்! கிருமியைக் கொல்வது அதிலுள்ள குளோரோசைலினால், 4.8 சதவீதம். பெயின்ட்டை இளக்குவது அதோடு சேர்ந்திருக்கும் பைன் எண்ணெய்ச் சரக்கும் ஆல்கஹாலும். தண்ணீர் கலக்காமல் மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, பொம்மையை ஒரு நாள் ஊறப்போடுவார்கள். பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் சட்டை கழன்ற மாதிரி வரும். இதில் ஒரு சூட்சுமம். தேய்க்கும்போது தண்ணீர் படக்கூடாது. டெட்டாலில் தண்ணீர் விட்டால் பால் மாதிரி ஆகுமே, அது பால்மம். தண்ணீர் பட்டதும் எண்ணெய் பிரிந்து, இளகிய பெயின்ட் தார் மாதிரி பொம்மையோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் புது டெட்டாலிலேயே அலசி, கடைசியில்தான் சோப்புத் தண்ணீர். கையுறை கட்டாயம், நீர்க்காத டெட்டால் தோலை எரிக்கும். பூனைக்கும் மீனுக்கும் அது விஷம். ஆகவே சாக்கடையில் கொட்டக் கூடாது.

ரெசின் பொம்மைகளிடம் நிதானம் வேண்டும். நீண்ட நேரம் ஊறினால் சில வகை மெத்தென்று ஆகிவிடும். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

"காஸ்டிக் சோடா போட்டால் ஒரு நொடியில் வருமே" என்பார்கள். எனாமலைச் சோப்பாக்கிவிடும், உண்மைதான். ஆனால் சால்ட் அனாலிசிஸ் செய்தவர்கள் யோசியுங்கள்: காரத்திலும் கரைகிற உலோகங்கள் எவை? துத்தநாகம், அலுமினியம், வெள்ளீயம், ஈயம். நம் பொம்மையின் குடும்பம் பூராவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! வினிகரும் வேண்டாம். அசிட்டிக் அமில ஆவி பட்டால் ஈயம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். ஓக் மர அலமாரியில் பூட்டிவைத்த ஈய வீரர்கள்கூட மரத்திலிருந்து வரும் அமில ஆவியால் இப்படிப் பொடிந்திருக்கிறார்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஈயப் பொம்மையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. பழைய பெயின்ட்டிலேயே ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும், சமையலறைப் பாத்திரத்தில் செய்யவே கூடாது. இரண்டு, டைகுளோரோமீத்தேன். பெயின்ட் உரிப்பதில் அது புலி. ஆனால் மூச்சில் போனால் உடம்புக்குள்ளேயே கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய அறையில் வேலை செய்து செத்தவர்கள் உண்டு. அது கலந்த பெயின்ட் நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 டிசம்பரோடு நின்றது. அமெரிக்கா 2019-ல் தடை போட்டது. வேகமாக வேலை செய்கிறது என்பதற்காக ஒரு பொருளை நல்லது என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது: எடுக்கத்தான் வேண்டுமா?

பிரிட்டன் நிறுவனத்தின் பழைய வீரன் ஒருவன், கன்னத்தில் சிவப்புப் பொட்டு தேய்ந்து, சட்டை நிறம் உதிர்ந்து கிடப்பான். பார்க்க அழுக்குதான். ஆனால் அந்த நிறம் தொழிற்சாலையில் கையால் தீட்டப்பட்டது. அதை உரித்துப் புதிதாகப் பளபளவென்று தீட்டினால் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு விழுந்துவிடும். பணம் போவது இருக்கட்டும். அதைத் தீட்டிய கையின் அடையாளம் போகிறதே, அது திரும்பி வருமா? மேலே அப்பியது பின்னால் வந்த அழுக்கா, பிறவியிலேயே கூட வந்த நிறமா என்று பார்க்கத் தெரிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் காலடியில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில், பஞ்சு நுனியால் தொட்டுச் சோதிக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். விட்டுவைத்ததை நாளைக்கும் உரிக்கலாம், உரித்ததை ஒட்ட முடியாது.

இன்றைய மாணவர்களே, நாளைக்கு நீங்கள் தொழிற்சாலைக்குப் போவீர்கள், ஆய்வுக்கூடத்துக்குப் போவீர்கள், சிலர் அருங்காட்சியகங்களில் பழம்பொருள் பாதுகாப்புக்கும் போவீர்கள். எங்கே போனாலும் பாட்டில் மூடியைத் திறப்பதற்கு முன்னால் அடியில் என்ன, மேலே என்ன, எடுக்க வேண்டுமா என்று இந்த வரிசையிலேயே கேளுங்கள். நம் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர்கள் அலுக்காமல் சொல்லித் தந்ததும் இதைத்தான்: முதலில் பார், பிறகு சோதி, அப்புறம் ஊற்று.