செவிலியர்க்கு ஆராய்ச்சி எதற்கு?
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

பிழைப்பை முன்னிட்டுத் தெலுங்கு நாட்டில் வந்து தங்கிவிட்ட நாம், ஆண்டுக்கொரு நாள் விஜயபுரத்தில் ஒன்றுகூடித் தாய்மொழியில் நாலு வார்த்தை பேசவும் கேட்கவும் வாய்த்தது பெரும்பேறேயாகும். யாம் பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் கணக்கெழுதுபவர். மருத்துவம் எம் துறையன்று. ஆயினும் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு நம் காலனிப் பெண் ஒருத்தி, செவிலியர் பட்டம் பெற்றவள், மேலும் படித்து ஆராய்ச்சி செய்ய விரும்புவதாகக் கூறினாள். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள நுண்பொருள்களைக் கொண்டு நோயாளியின் சோர்வையும் வலியையும் அறிய முயலும் துறை என்றாள். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "ஊசி போடும் கைக்கு ஆராய்ச்சி எதற்கம்மா?" என்றார். இருந்தவர் அனைவரும் நகைத்தனர். யாமும் நகைத்தோம். அப்பெண் ஒன்றும் பேசாது எழுந்து சென்றாள். அந்த நகைப்பைத் திரும்பப் பெறவே இன்று இம்மேடையில் நிற்கின்றோம்.

அத்துறைக்கு மெட்டபாலமிக்ஸ் என்று பெயர். வளர்சிதைப் பொருளியல் என்று தமிழில் கூறலாம். நாம் உண்ணும் சோறும் பருப்பும் உடலினுள் சிதைந்து, எரிந்து, மீண்டும் உடலாகக் கட்டப்படுகின்றன. இவ்வினையில் சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு அமிலம், யூரியா என்று எண்ணற்ற சிறு பொருள்கள் தோன்றி மறைகின்றன. அடுக்களையில் எழும் மணத்தைக் கொண்டே உள்ளே என்ன சமையல் என்று நாம் கூறிவிடுவதில்லையா? அவ்வாறே இப்பொருள்களின் அளவைக் கொண்டு உடலினுள் நடப்பதை அறியலாம்.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. சிறுநீரின் நிறத்தையும் மணத்தையும் நோக்கும் நீர்க்குறியையும், அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் வகையை நோக்கும் நெய்க்குறியையும் சித்த மருத்துவர் வகுத்துள்ளனர். தேரையர் பெயரால் வழங்கும் நூல் இதனை விரிக்கின்றது. சிறுநீரை எறும்பு மொய்த்தால் நீரிழிவு என்று பண்டைய வைத்தியர் கண்டனர். அவர்கள் ஓரிரு குறிகளைக் கண்ணால் நோக்கினர். இன்றைய கருவிகளோ நூற்றுக்கணக்கான பொருள்களை ஒரே முறையில் அளக்கின்றன. எம் சரக்கு நிலையத்து எடைமேடை வண்டியை நிறுப்பது போல, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளைத் தனித்தனியே நிறுத்து இன்னதென்று கூறுகின்றது.

இதனால் விளையும் பயன் யாது? அமெரிக்காவில் பிரேமிங்காம் என்னும் ஊர் மக்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வருவோர், இரத்தத்தில் ஐந்து அமினோ அமிலங்கள் மிகுந்திருந்தோர்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி என்று 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நோய் தோன்றுதற்கு 12 ஆண்டுகள் முன்னரே அக்குறி தென்பட்டது!

சரி, இவையெல்லாம் மருத்துவரும் விஞ்ஞானியும் செய்வன. செவிலியர்க்கு இதில் என்ன இடம் என்று கேட்பீர்கள். அதற்கு விடையாக ஒரு தாயின் வரலாற்றைக் கூறுவோம். நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு இரு குழந்தைகள். இருவரும் அறிவு வளர்ச்சி குன்றியவர்கள். அவர்கள் மீது ஒருவகை நாற்றம் வீசுவதை அத்தாய் கவனித்தாள். மருத்துவர் பலரிடம் கூறினாள், எவரும் பொருட்படுத்தவில்லை. 1934ஆம் ஆண்டில் பாலிங் என்னும் மருத்துவர் அவள் சொல்லைப் பொருட்டாக மதித்து, குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார். அதில் இருக்கலாகாத ஓர் அமிலத்தைக் கண்டார். பீனைல்கீட்டோனூரியா என்னும் நோய் அவ்வாறே உலகிற்குத் தெரிந்தது. அக்குழந்தைகளுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனால் பிறந்தவுடனே நோயை அறிந்து உணவை மாற்றினால் மூளையைக் காக்கலாம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்கு வழிகாட்டியவர் கத்ரி என்னும் அமெரிக்க மருத்துவர். குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தைத் தாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை அவர் 1963இல் வெளியிட்டார். நம் நாட்டிலும் 1980இல் பெங்களூரில் இத்தகைய சோதனை தொடங்கி, இலட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் சோதிக்கப்பட்டனர்.

அன்பர்களே! அருகிருந்து பேணியவளே முதற் குறியைக் கண்டாள் என்பதை நோக்குங்கள். மருத்துவர் வந்து பார்த்துச் செல்வார். இரவு முழுதும் உடனிருப்பவள் செவிலியே. "உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறது" என்று நோயாளி முதலில் கூறுவது அவளிடமே. படத்திலும் சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால், அந்த அசதியை வீட்டாரே நம்புவதில்லை. அசதி, வலி, உறக்கமின்மை ஆகியவற்றை நோயாளியின் சொல்லோடு இரத்தத்தின் குறியையும் இணைத்து ஆராய்வதே செவிலியர் இத்துறையில் செய்யும் பணி. அமெரிக்க அரசு செவிலியர் ஆராய்ச்சிக்கென்றே 1986இல் ஒரு தேசிய நிலையம் நிறுவியது. இத்துறை இன்னும் இளமையானது. அசதியை அளந்து கூறும் சோதனை நம் மருத்துவமனை வார்டுகளுக்கு வந்துவிடவில்லை. அதனாலேயே ஆராய்வோர் தேவை.

இன்னொன்று எம் தொழிலால் எமக்கு நன்கு விளங்குகின்றது. பார்சல் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், லேபிளில் ஊரும் நாளும் பிழையாக எழுதினால் அது போய்ச் சேராது. இரத்தமும் அவ்வாறே. குழாயில் அடைத்த பின்னும் அதன் அணுக்கள் உயிரோடிருந்து சர்க்கரையை உண்கின்றன. லாக்டிக் அமிலம் பெருகுகின்றது. நோயாளி உண்டாரா, எப்போது உண்டார், எந்த மருந்து கொண்டார், எத்தனை மணிக்கு இரத்தம் எடுத்தது, எவ்வளவு நேரத்தில் குளிரில் வைத்தது என்பவற்றைச் செவிலி சரியாகக் குறிக்காவிடில், கோடி ரூபாய்க் கருவியும் பொய்யே கூறும். ஊசி போடும் கையிலேதான் ஆராய்ச்சி தொடங்குகின்றது.

செவிலியர் ஆராய்வதும் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கிரிமியப் போரில் காயத்தினும் நோயாலேயே வீரர் மிகுதியாக மாண்டனர் என்பதைப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கணக்கெடுத்து, 1858இல் படம் வரைந்து காட்டினார். நமக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இலேயே செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிற்று. திருப்பதியிலும் செவிலியர் கல்லூரி உண்டு. நம் பெண்கள் படிக்க வாயில் அடைபடவில்லை. அடைத்து நிற்பது நம் நகைப்பே.

ஆதலால் பெற்றோரை இரண்டு வேண்டுகின்றோம். உங்கள் மகள் செவிலியாகி மேலும் படிக்க விரும்பினால், எதற்கு என்று கேளாது, என்ன ஆராயப் போகிறாய் என்று கேளுங்கள். மருத்துவமனையில் செவிலி, "எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று வினவினால், ஒளியாது உண்மையைக் கூறுங்கள்.

அப்பெண் இன்று இவ்வவையில் அமர்ந்திருக்கிறாள். அம்மா! அன்று நகைத்தது எம் பிழை. உன் மேற்படிப்பிற்கு விண்ணப்பம் எழுதும் நாளில் எமக்குச் சொல்லி அனுப்பு. படிவம் நிரப்புவது ஒன்றே யாம் நன்கறிந்த கலை. அதனைச் செய்து தருவோம்.