மரத்தை உக்கவைக்கும் இரும்பு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியத் துறையில் இருக்கும் எங்களைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, கொலஸ்திரோல் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். இன்று மரம் உக்குவதைப் பற்றிப் பேசப்போகிறோம். நூற்றாண்டு நிதியில் எமது பழைய மண்டபத்தைப் புதுப்பிப்பதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. பெயின்ற் எந்த நிறம் என்பதில் எங்களுக்குள் நிறையப் பேச்சு. அதற்கு முன் பார்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது.

மரத்தின் கலச்சுவரைக் கொங்கிறீற்றுக்கு ஒப்பிடலாம். உள்ளே கம்பியாக நிற்பது செலுலோசு. கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவது அரைச்செலுலோசு. சுற்றி இறுகிய சீமெந்து இலிக்னின். மரத்தை உண்ணும் பங்கசுகளில் ஒரு வகை இலிக்னினையும் கரைத்துவிடும். அப்போது மரம் வெளுத்து நார்நாராகும். இது வெள்ளை உக்கல். மற்ற வகை சீமெந்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் உருவி எடுக்கும். மிஞ்சும் இலிக்னின் கபில நிறமாகி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சதுரக் கட்டிகளாகும். விரலால் நசுக்கினால் தூள். இதுதான் கபில உக்கல்.

கம்பியை அது எப்படி எடுக்கிறது? செலுலோசை வெட்டும் நொதியங்கள் பெரிய மூலக்கூறுகள். நல்ல மரத்தின் கலச்சுவரிலுள்ள நுண்துளைகளுக்குள் அவை நுழையா. ஆகவே பங்கசு மிகச் சிறிய பொருள்களை முன்னே அனுப்புகிறது. அது சுரக்கும் ஒட்சாலிக்கமிலம் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. வேறு சில சிறு மூலக்கூறுகள் சுவருக்குள்ளே அந்த இரும்பைத் தாழ்த்துகின்றன. தாழ்த்திய இரும்பும் ஐதரசன் பரவொட்சைட்டும் சந்தித்தால் ஐதரொட்சில் மூலிகம் பிறக்கும். இது 1894இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபென்ரன் விவரித்த தாக்கம். அந்த மூலிகம் கண்ணிமைக்கும் நேரம்கூட வாழாது. பிறந்த இடத்திலேயே கைக்கெட்டியதை உடைத்துவிட்டு மறையும். அது எதையும் தாக்கும், பங்கசையும்தான். அதனால் இந்த வேலை பங்கசு இழையிலிருந்து சற்றுத் தள்ளி, சுவருக்குள் நடக்கிறது. சுவர் தளர்ந்த பிறகே நொதியங்கள் உள்ளே போய் மிச்சத்தைச் சாப்பிடும்.

எங்களுக்கு முக்கியமானது இதன் விளைவு. நீண்ட செலுலோசுச் சங்கிலிகள் ஆரம்பத்திலேயே அறுந்துவிடுகின்றன. மரத்தின் நிறையில் பத்திலொரு பங்கு குறையுமுன்பே வலிமையில் பாதிக்குமேல் போய்விடலாம். பார்வைக்கு அது முழு மரமாகவே இருக்கும்.

பிரித்தானியக் கடற்படை இதை அதிக விலை கொடுத்துப் படித்தது. 1810இல் வெள்ளோட்டம் விட்ட ‘குயீன் சார்லட்’ என்ற போர்க்கப்பல், ஒரு சண்டையையும் காணுமுன்பே உக்கிப் பெருந்திருத்தத்துக்குப் போனது. ஓக் மரம் தட்டுப்பட்ட அந்தக் காலத்தில் பம்பாயில் மலபார்த் தேக்கால் கப்பல்கள் கட்டினார்கள். அவற்றுள் ஒன்று 1817இல் நீரில் இறங்கியது. அதன் பெயர் ‘திருகோணமலை’. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது இன்றும் மிதக்கிறது. தேக்கின் வைரத்திலுள்ள எண்ணெய்த்தன்மையான பொருள்கள் பங்கசுக்கு ஒத்துவருவதில்லை. ஆனால் எந்த மரத்திலும் வெளிப்புற வெள்ளைக்கு அந்தக் காவல் இல்லை.

மரத்தை உடைக்கும் இதே தாக்கத்தை வைத்தியர்களாகிய நாங்கள் வாட்டிலும் காண்கிறோம். தலசீமியாப் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றுகிறோம். ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உண்டு. அதை வெளியேற்ற உடலுக்கு வழி இல்லை. தேங்கும் இரும்பு ஈரலிலும் இதயத்திலும் அதே மூலிகத்தைப் பிறப்பிக்கிறது. அந்த இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஸ்ஃபெரியொக்சமின் மருந்தும் மண்ணில் வாழும் ஒரு பற்றீரியா இரும்பைப் பிடிக்கச் சுரக்கும் பொருளிலிருந்து வந்ததுதான். பெற்றோர் இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசும் வயதில் இருக்கும் தோழியர் பலர் இங்கே இருக்கிறீர்கள். சாதகப் பொருத்தம் பார்க்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காவி பார்வைக்கு முழுச் சுகமாகவே இருப்பார்.

இனி மண்டபத்துக்கு வருவோம். பங்கசுக்கு மரமும் காற்றும் எப்போதும் கிடைக்கும். எங்கள் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்தின் ஈரப்பதன் 20 வீதத்துக்குக் கீழே நின்றால் உக்கல் பிடிக்காது. ஆகவே சங்கத்திடம் நாங்கள் வேண்டுவது இவ்வளவுதான்.

முதலில் பீலிகளையும் உடைந்த ஓடுகளையும் மாற்றுவோம். அடுத்து, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர நுனிகளைப் பார்ப்போம். மழைநீர் அங்கேதான் தங்கும். ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்தால் நல்ல மரம் நீளச் சிராயாகப் பெயரும், உக்கிய மரம் சத்தமில்லாமல் துண்டாக முறியும். உக்கிய இடத்தை வெட்டும்போது கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிற்கக்கூடாது. இழைகள் அதற்கப்பாலும் ஓடியிருக்கும். மரம் நன்றாகக் காய்ந்தபிறகே பெயின்ற். ஈர மரத்துக்குப் பெயின்ற் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் தோழியர் அனுப்பிய பணம் இது. திறப்புவிழாப் படத்தில் பீலி தெரியாது, உத்தர நுனியும் தெரியாது. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே காலைப் பிரார்த்தனைக்கு நிற்கப்போவது இன்றைய பிள்ளைகள். பணத்தின் முதற்பங்கு படத்தில் விழாத இடங்களுக்கே போகட்டும். நிறத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் ஆறுதலாகச் சண்டை பிடிப்போம்.