கமரன் தம்பதியரும் மலைநாடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்து வளர்ந்தவருக்கு மலை என்பது பெரும்பாலும் சொல்லளவில் அறிந்த பொருள். கீரிமலை என்று ஓரிடம் உண்டு. ஆனால் அங்கே செல்வோர் காண்பது மலையன்று, கடலோரத்து நன்னீர் ஊற்றும் கேணியுமே. சுண்ணாம்புக் கற்பாறையும் அதன்மேற் படிந்த செம்மண்ணும், பனந்தோப்பும், பரவைக் கடலுமாக எங்கும் ஒரே மட்டமாய் விரிந்து கிடப்பது அந்நிலம். ஆகையினாலேதான் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய ஒருவர், பிள்ளைகளையெல்லாம் கரைசேர்த்த பின்னர், மனைவியாரை அழைத்துக்கொண்டு, தோளிலே ஒரு கமராவையும் மாட்டிக்கொண்டு நுவரெலியாவுக்கோ சிவனொளிபாதத்துக்கோ புறப்படுவது வடபகுதியிலே புதுமையன்று. அருவியையும் தேயிலைச் சரிவையும் படம் பிடித்துக்கொண்டு வந்து, அயலாரை அழைத்துக் காட்டுவதிலே அம்முதியோருக்கு ஒரு தனி இன்பம்.

முதுமையிலே நிழற்படக் கருவியோடு இத்தீவின் மலைகளை நாடி வந்த வேறொரு தம்பதியர் உளர். அவர்கள் வந்தது 1875 ஆம் ஆண்டு. அப்பொழுது கணவருக்கு வயது எண்பது, மனைவிக்கு அறுபது. கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். கமரன் என்னும் பெயரும் கமரா என்னும் சொல்லும் ஒலியால் ஒத்திருப்பதைக் கொண்டு, அம்மையாரின் பெயராலேயே கருவிக்குப் பெயர் வந்தது என்று எவரும் எண்ணிவிடுதல் வேண்டா. கமரா என்பது அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல். ஆயினும் அவ்வொற்றுமை அவருக்கு மிகவும் பொருந்திய ஒன்றே.

கணவரின் பெயர் இலங்கைச் சரித்திரம் படித்த மாணவர் எல்லார்க்கும் பழக்கமானது. கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் இரண்டாம் பெயர் அவருடையதே. 1830 ஆம் ஆண்டிலே இளம் வழக்கறிஞராக இத்தீவுக்கு வந்து, நீதி பரிபாலனத்தைப் பற்றிய அறிக்கையை எழுதினார் அவர். அந்த ஆணைக்குழுவின் விதப்புரைகளினாலேதான் 1833 ஆம் ஆண்டில் இத்தீவு ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. வட மாகாணம் என்னும் பெயரும், யாழ்ப்பாணம் அதன் தலைநகர் என்னும் நிலையும் அப்பொழுது தோன்றியவையே. அம்மாகாணம் அன்று அநுராதபுரத்தையும் உள்ளடக்கியிருந்தது. வட மத்திய மாகாணம் தனியாகப் பிரிந்தது 1873 இலே. சட்டநிரூபண சபையிலே தமிழர் ஒருவர் அமர வழி பிறந்ததும் அச்சீர்திருத்தத்தினாலேயே.

இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்ததும் அதனுள் அடங்கும். இதனை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டாய வேலை ஒழிந்தால், கூலிக்கு வேலை செய்வோர் தோட்டங்களுக்குத் தாராளமாகக் கிடைப்பர் என்பது அக்காலத்து ஆங்கில அறிஞரின் எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. தம் வயலையும் தோட்டத்தையும் விட்டுக் கோப்பித் தோட்டத்திலே நிரந்தரமாகக் கூலி வேலை செய்யக் கண்டிக் குடியானவர் விரும்பவில்லை. ஆகவே தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வருவிக்கப்பட்டனர். தோணியிலே கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைவரை கால்நடையாய் நடந்தவர் அவர்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே கொண்டுபோன உயிர்கள் பல. கமரன் துரையும் மலைநாட்டிலே நிலம் வாங்கிய துரைமாருள் ஒருவரே. டிம்புளைப் பகுதியில் அவருக்கு நிலம் இருந்தது. இங்கிலாந்திலே வைற்றுத் தீவில் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்குக்கூட டிம்போலா என்றே பெயரிட்டிருந்தனர்.

இனி அம்மையாரைப் பற்றி. அவர் 1815 ஆம் ஆண்டு கல்கத்தாவிலே, கிழக்கிந்தியக் கும்பனி உத்தியோகத்தர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். சுகம் பெறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது கமரன் துரையைச் சந்தித்தார். வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷெலின் நட்பும் அங்கேதான் கிட்டியது. 1838 இலே கல்கத்தாவில் திருமணம். பத்தாண்டின் பின் குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. ஆறு பிள்ளைகளை ஈன்று வளர்த்து, விருந்தோம்பி, கடிதம் எழுதி, நாற்பத்தெட்டு வயது ஆகும்வரை அவர் கமராவைத் தொட்டவரல்லர். 1863 ஆம் ஆண்டு முடிவிலே மகளும் மருமகனும், தனிமையைப் போக்கப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஒரு கமராவை வாங்கிக் கொடுத்தனர். கோழிக்கூடு கண்ணாடி வீடாயிற்று. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. பதினோராண்டிலே தெனிசன், டார்வின், கார்லைல், ஹேர்ஷெல் முதலிய பெரியோரின் முகங்களை, அதற்கு முன் எவரும் காட்டாத வண்ணம் அவர் காட்டிவிட்டார். உருவம் துலக்கமாக இல்லை, சற்றே கலங்கியிருக்கின்றது என்று அக்காலத்து நிழற்படக்காரர் பலர் பழித்தனர். அம்மையார் அதனைப் பொருட்படுத்தவில்லை. இன்று அந்தக் கலக்கமே அவருடைய முத்திரையாகப் போற்றப்படுகின்றது.

அந்நாளில் படம் பிடிப்பது விரலால் ஒரு பொத்தானை அமுக்கும் காரியமன்று. ஏறக்குறைய ஒரு முழ அகலமுள்ள கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையை ஒரே சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். பின் அதனை இருட்டறையிலே வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னே கமராவில் வைக்க வேண்டும். எதிரே இருப்பவர் சில நிமிடம் அசையாதிருக்க வேண்டும். உடனே தகட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் இருட்டறைக்கு ஓட வேண்டும். இவ்வளவும் சில நிமிட நேரத்துக்குள் முடிய வேண்டும். சமையலறையிலே அப்பத்துக்கு மாவூற்றி நிற்பவருக்குத் தெரியும், பதம் தப்பினால் என்ன ஆகுமென்று. வெள்ளி நைத்திரேற்றினால் அம்மையாரின் விரல்களும் ஆடையும் எந்நேரமும் கறுத்தே இருந்தன. நீண்ட வெண்டாடியுடைய கணவரை மாயவித்தைக்காரனாக வேடம் புனைவித்து நிறுத்தினால், அவர் சிரிப்பை அடக்கமாட்டாமற் பல தகடுகளைக் கெடுத்துவிடுவாராம்.

இத்தகையவர் புகழின் உச்சியிலே இருந்தபொழுது, 1875 ஆம் ஆண்டு ஒக்டோபரில், எல்லாவற்றையும் விட்டு இலங்கைக்குக் கப்பலேறினார். புதல்வர் சிலர் இங்கே இருந்தனர். கணவருக்கோ இத்தீவின்மேல் தீராத ஏக்கம். காசு நெருக்கடியும் இருந்தது. 1869 இலே கோப்பி இலையிற் கண்ட நோய் தோட்டந்தோறும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. பிரயாணச் சாமான்களுள் இரண்டு சவப்பெட்டிகளும் இருந்தன என்றும், அவற்றுள்ளே பீங்கானும் கண்ணாடிப் பாத்திரமும் அடுக்கப்பட்டிருந்தன என்றும், ஒரு பசுவும் உடன் வந்தது என்றும் கூறுவர். திரும்பிப் போகும் எண்ணம் அவர்களுக்கு அதிகம் இருக்கவில்லை என்பது தெளிவு.

களுத்துறையிற் சிலகாலம், மலைத்தோட்டத்திற் சிலகாலம் என்று அவர்கள் வாழ்ந்தனர். புகையிரதம் அப்பொழுது நாவலப்பிட்டியோடு நின்றுவிடும். அப்பால் மலையேறுவது தெருவழியாகவே. உலகின் செடிகொடிகளையெல்லாம் ஓவியமாகத் தீட்டிவந்த மரியான் நோர்த் என்னும் அம்மையார் அவர்களைக் களுத்துறையிலே சென்று கண்டார். வந்தவரை ஜூலியா அம்மையார் சும்மா விடுவாரா? கம்பளிச் சால்வையாற் போர்த்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, முள்ளாய்க் குத்தும் தென்னோலைகளின் நடுவே நண்பகலில் நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி கட்டளையிட்டாராம். வெப்பமானி காட்டியது பரனைற்று 96 பாகை. வேறொரு செய்தியையும் நோர்த் அம்மையார் எழுதிவைத்தார். ஒருவனுடைய முதுகின் அழகைக் கண்டு, அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் வற்புறுத்தினாராம் ஜூலியா. அங்கே தோட்டமும் இல்லை; தோட்ட வேலை இன்னதென்று அவனுக்குத் தெரியவும் இல்லை.

மூன்றாண்டுக்கு மேலாக இத்தீவிலே வாழ்ந்தவர் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றுள் மலைக்காட்சி என்று சிறப்பித்துச் சொல்லத்தக்கது ஏதும் இல்லை என்றே கூறலாம். சிவனொளிபாதத்தின் நிழல் இல்லை. டிக்கோயாப் பள்ளத்தாக்கின் பனிமூட்டம் இல்லை. இது எவ்வாறு?

கருவியின் குறையும் ஒரு காரணம். கொலோடியன் தகட்டுக்கு நீலம் மிக எளிதிற் பதியும். பச்சை பதியவே பதியாது. வானம் வெறும் வெள்ளையாகும். பசுங்காடு கரிய திட்டாகும். வெப்பத்திலே தகடு விரைவில் உலரும். இருட்டறையைக் கூடாரமாகச் சுமந்துகொண்டு மலையேற ஆட்கள் பலர் வேண்டும். ஆனால் இவற்றையெல்லாம் வென்றவரும் அக்காலத்தில் இருந்தனர். சாமுவேல் போண் என்பவர் சுமைகாரர் பலரோடு இமயத்திலேறிப் பனிமலைகளைப் படம் பிடித்தார். இலங்கையிலேயே ஸ்கீன், ஸ்கோவன் என்போர் தெருவையும் பாலத்தையும் கோப்பிச் சரிவையும் எடுத்து விற்றனர். ஆகவே உண்மைக் காரணம் அம்மையாரின் மனப்போக்கே. மலையைக் கண்டபொழுதும் அவர் தேடியது முகத்தையே.

அவருடைய இலங்கைப் படங்களில் இருப்போர் உழைப்பாளிகள். நீர்க்குடத்தோடு நிற்கும் பெண், மரத்திற் சாய்ந்திருக்கும் பெண், களுத்துறைக் குடியானவர் மூவர். தெனிசனை எவ்வளவு மரியாதையோடு நோக்கினாரோ, அதே மரியாதையோடு இவர்களையும் நோக்கினார் என்று சொல்வார் உளர். அது முழு உண்மையன்று. ஏனெனில் தெனிசனுக்குப் பெயர் இருக்கின்றது. இங்கிலாந்திலே அவருக்கு முன் நின்ற பணிப்பெண்களுக்கும் பெயர் இருக்கின்றது. மேரி ஹில்லியர், மேரி றையன் என்று நூல்கள் கூறும். பிச்சை கேட்டு வந்தபோது அடைக்கலம் பெற்ற சிறுமி மேரி றையன். அவளுடைய படத்தைக் கண்டு காதல்கொண்டு அவளை மணந்தவர் ஹென்றி கொற்றன். 1904 இலே பம்பாயிற் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் அவரே. ஒரு படம் ஒரு பெண்ணின் வாழ்வை அவ்வளவு தூரம் கொண்டுசென்றது. களுத்துறையிலும் மலையிலும் நின்றவர்களின் பெயரோவெனில் எங்கும் எழுதப்படவில்லை. இளம்பெண், இலங்கை என்றும், குடியானவர் என்றும் மாத்திரமே குறிப்பு உண்டு. எந்தக் கிராமத்திலிருந்து வந்தவர், மன்னார்ப் பாதையிலே எவரை இழந்தவர், படத்தின் ஒரு பிரதியேனும் அவர் கைக்குக் கிட்டியதா என்று கேட்டால் விடை கூறுவாரில்லை. தோட்டத்துச் செக்குறோலிலே தினம் ஒருமுறை கங்காணி பெயர் கூப்பிட்டிருப்பான்; கண்ணாடி வீட்டிலே அதனைக் கேட்டெழுத எவருக்கும் தோன்றவில்லை.

எனினும், அப்படங்கள் இல்லையேல் அந்த முகங்களும் இல்லை. கோப்பி விளைந்த காலத்தின் கணக்குகள் அந்தர் அந்தராக, பவுண் பவுணாக எழுதப்பட்டுள்ளன. அக்கோப்பியைப் பறித்தவர்கள் நேரே நோக்கி நின்ற படங்கள் மிகச் சிலவே.

1878 இலே ஒருமுறை இங்கிலாந்து சென்று மீண்ட அம்மையார், 1879 ஆம் ஆண்டு சனவரி 26 ஆந் திகதி டிக்கோயாவில் கிளென்கெயாண் என்னும் தோட்டத்து வீட்டிலே காலமானார். கட்டிலிற் கிடந்தபடியே சாளரத்தின் வழியாக வானத்தை நோக்கி, அழகு என்னும் பொருள்படும் ஒரு சொல்லைச் சொல்லி உயிர் நீத்தார் என்பர். படமாக எடுக்காத காட்சியை இறுதியிற் கண்ணாற் கண்டார் போலும். மறு ஆண்டிலே கணவரும் இறந்தார்.

கதை அத்தோடு மலையிலே முடிந்ததாயினும் அதன் ஒரு கிளை யாழ்ப்பாணத்தைத் தொட்டது. 1905 ஆம் ஆண்டு சனவரியிலே யாழ்ப்பாணக் கச்சேரிக்கு லெனாட் வூல்ப் என்னும் இளைஞர் சிவில் உத்தியோகத்தராக வந்தார். இரண்டரை ஆண்டு குடாநாட்டின் வெயிலிலே வேலை பார்த்தார். இலங்கையை விட்டுச் சென்ற பின்னர், 1912 இலே அவர் மணந்த வேர்ஜீனியா, நம் ஜூலியா அம்மையாரின் உடன்பிறந்தாள் வழிப் பேர்த்தி. கணவனும் மனைவியும் நடத்திய ஹோகாத் அச்சகத்திலிருந்து 1926 ஆம் ஆண்டு அம்மையாரின் படங்கள் நூலாக வெளிவந்தன. புகழ்பெற்ற ஆடவரும் அழகிய மகளிரும் என்பது அந்நூலின் பெயரிலே உள்ள தொடர். குடியானவர் என்னும் சொல்லுக்கு அதில் இடமில்லை.

சிவனொளிபாதம் காணச் செல்லும் நேயர்கள் ஹற்றனில் இறங்கி நோர்வூட் வரை சென்றால், அங்கே தெரு இரண்டாகப் பிரியும். ஒன்று மஸ்கெலியாவுக்குப் போவது. மலையேறுவோரின் வழி அது. மற்றது பொகவந்தலாவைக்குப் போவது. அங்கே சென் மேரி தேவாலயத்தின் வளவிலே கமரன் தம்பதியரின் கல்லறை இருக்கின்றது. சுற்றிலும் இப்பொழுது கோப்பி இல்லை, தேயிலையே. கமராவோடு செல்பவர் காலை வேளையிற் செல்வது நன்று. மாலையானால் மூடுபனி இறங்கிவிடும். கொழுந்து பறிப்போரைப் படம் பிடிக்க விரும்பினால், முதலில் அவர்களைக் கேட்டு, பெயரையும் எழுதிக்கொள்ளலாம். தமிழிலேயே கேட்கலாம்.