ஓயாமல் ஓடும் ஐஸ்பெட்டி ஏன் குளிரவில்லை?

(தொலைக்காட்சி மன்றத்தில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேமரன் மலைத் தோட்டத்து மக்களுக்கு ஐஸ்பெட்டி எதற்கு, மலையே ஐஸ்பெட்டிதானே என்று கீழே இருப்பவர்கள் கேலி பேசுவதுண்டு. ரிங்லெட், ஹாபு, சுங்கை பாலாஸ் பக்கம் உள்ள தோட்ட வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால் அந்தக் கேலி வராது. மீன், கோழி, பிள்ளைகளின் பால், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுப் பெரியவர்களின் இன்சுலின் மருந்து அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மலைக் காற்று எவ்வளவு சில்லென்று இருந்தாலும் பகலில் 20 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. வீரியம் குறைந்த மருந்து பார்வைக்குப் பழையபடியே இருக்கலாம். ஊசி போட்டும் சர்க்கரை இறங்காதபோதுதான் சந்தேகமே வரும். ஆகவே, 'பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, குளிர்தான் இல்லை' என்பதைச் சில்லறை விஷயமாக நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள்.

ஐஸ்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வெளியே காற்று குளிர்ந்திருந்தால் கொட்டுவது சுலபம். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஈப்போவில் 33 டிகிரி வெயிலில் ஒரு பெட்டி நெடுநேரம் ஓடினால் வெயில்மேல் பழி போடலாம். மலையில் கம்ப்ரசர் இரவும் பகலும் நிற்காமல் ஓடினால் அப்படிச் சொல்ல வழியில்லை; கோளாறு இருக்கிறது. இன்வெர்ட்டர் வகைப் பெட்டி மட்டும் விதிவிலக்கு. அது மெதுவாக நீண்ட நேரம் ஓடுவது இயல்பு, ஆனால் குளிர்ந்துகொண்டே ஓடும்.

பெட்டி குளிரவில்லை என்றதும் நம்மவர்கள் வாயில் வருகிற முதல் வார்த்தை, 'கேஸ் முடிந்துபோச்சு'. சமையல் கேஸ் போல எரிந்து தீருகிற பொருள் அல்ல அது. அடைத்து மூடிய குழாய்க்குள் பத்து, இருபது ஆண்டுகள் அதே வாயுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பிவிட்டுப் போனால் சில மாதங்களில் மறுபடி அதே கதைதான். மலை உயரத்தில் கேஸ் நிற்காது என்று சொல்பவர்களும் உண்டு. மூடிய குழாய்க்குள் இருக்கிற வாயுவுக்கு அது தாப்பாவில் இருக்கிறதா, பிரிஞ்சாங்கில் இருக்கிறதா என்பது தெரியாது! பழுது பார்க்கிறவரை அழைக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

முதலில், ஓடுவது எது? விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி சுற்றுகிறது என்பதால் கம்ப்ரசர் ஓடுகிறது என்று ஆகாது. பெட்டியின் பின்புறம் அடியில் இருக்கும் கறுப்பு உருண்டைதான் கம்ப்ரசர். அதன் அருகே காதை வையுங்கள். ஒரே சீரான முனகல் கேட்டால் ஓடுகிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை 'டக்' என்று சத்தம், கொஞ்சம் உறுமல், மறுபடி 'டக்' என்றால் அது கிளம்ப முடியாமல் தவிக்கிறது. கிளப்பிவிடும் ரிலே கெட்டிருக்கலாம், மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம், கம்ப்ரசரே கெட்டிருக்கலாம். ரிலே மலிவான பாகம்.

கம்ப்ரசர் உண்மையில் ஓடுகிறது என்றால், மேல் அறையையும் கீழ் அறையையும் தனித்தனியாகப் பாருங்கள். மேலே ஐஸ் கட்டி இருக்கிறது, கீழே பால் புளித்துப் போகிறது என்றால் பெரும்பாலும் கேஸ் கோளாறு அல்ல, காற்றுக் கோளாறு. இதைத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கொழுந்து வாட்டும் தொட்டியில் இலையை அளவுக்கு மீறிக் குவித்துவிட்டால் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், காற்று மேலே வராது, இலை வாடாது. உறைபனி படியாத வகைப் பெட்டியிலும் இதுதான் நடக்கிறது. மேல் அறையின் பின் சுவருக்குள் குளிர்க் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் படியும் பனியைக் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு ஹீட்டர் உருக்கிவிட வேண்டும். ஹீட்டரோ டைமரோ அதற்குரிய உணரியோ கெட்டுவிட்டால் பனி சுவர்போல மண்டிவிடும். குளிர் உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும், கம்ப்ரசர் ஓயாது.

இதைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. பொருட்களை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து ஒரு முழு நாள் விடுங்கள். தரையில் பழைய துணி விரியுங்கள், தண்ணீர் வரும். மறுபடி போட்டதும் சில நாட்கள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழையபடி ஆனால் பனி உருக்கும் பகுதியில்தான் கோளாறு. வருகிறவரிடம் இதைச் சொன்னாலே அவர் கேஸ் பேச்சை எடுக்கத் தயங்குவார். அவசரப்பட்டுக் கத்தியால் பனியைச் சுரண்டாதீர்கள். குழாய் ஓட்டையாகிவிட்டால் அப்போதுதான் உண்மையிலேயே கேஸ் போகும்.

இரண்டு அறையுமே குளிரவில்லையா? பின்புறத்துக்கு வாருங்கள். வெப்பத்தைக் கொட்டும் கறுப்புக் கம்பி வலை அங்கே இருக்கும். புதிய பெட்டிகளில் அது பக்கச் சுவருக்குள் மறைந்திருக்கும். துணி காயாத மலையல்லவா, வலை சூடாக இருக்கிறதே என்று ஈரத்துணியை அதன்மேல் போடுகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. சிறிய சமையலறை என்பதால் அடுப்புக்குப் பக்கத்திலேயே, சுவரோடு ஒட்டி வைப்பதும் உண்டு. தூசும் புகைக்கரியும் படிந்து வலை மூச்சுத் திணறும். பிளக்கைப் பிடுங்கி, மென்மையான தூரிகையால் துடைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கதவு ரப்பரையும் பாருங்கள். மலை ஈரத்தில் அது கறுத்துப் பூசணம் பிடித்துவிடுகிறது. ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்தால் தடையில்லாமல் வந்துவிடக் கூடாது. வெந்நீரில் சோப்பு கலந்து துடைத்தாலே பல ரப்பர்கள் திரும்ப ஒட்டும்.

இவ்வளவும் சரி, இன்னும் குளிரவில்லை என்றால் அரைமணி நேரம் ஓடவிட்டு வலையை அல்லது பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கம்ப்ரசர் கொதிக்கிறது, வலை மட்டும் சூடேறவே இல்லை, மேல் அறையின் குழாயில் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பனி என்றால், இப்போது கேஸ் கசிவைச் சந்தேகிக்கலாம். பனியே இல்லாவிட்டால் கேஸ் முழுதும் போயிருக்கலாம், அல்லது கம்ப்ரசரின் உள் வால்வு தேய்ந்திருக்கலாம். இந்த இடத்தில் உங்கள் வேலை முடிகிறது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஆர் 600ஏ என்ற தீப்பற்றும் வாயு இருக்கிறது. குழாயைத் திறப்பது பயிற்சி பெற்றவர் வேலை.

மலைக்கே உரிய இன்னொரு சங்கதி. வெப்ப மண்டலத்துக்கான 'டி' வகைப் பெட்டிகள் 16 முதல் 43 டிகிரி வரையுள்ள அறைக்குத் தயாரிக்கப்பட்டவை. மழை இரவில் சமையலறை அதற்கும் கீழே போனால், ஒரே தெர்மோஸ்டாட் உள்ள பழைய பெட்டி கீழ் அறை போதுமான குளிரில் இருப்பதாக எண்ணிக் கம்ப்ரசரை நிறுத்திவிடும். மேலே ஐஸ் உருகும். இதுவும் 'குளிரவில்லை' என்றுதான் நம் கண்ணுக்குப் படும். ஆனால் இங்கே கம்ப்ரசர் ஓடாமல் கிடக்கும். ஓடுகிறதா, நிற்கிறதா என்று முதலில் கேட்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கீழேயிருந்து பழைய பெட்டி வாங்கி வருபவர்கள், தாப்பா சாலையின் வளைவுகளில் லாரியில் படுக்க வைத்துக் கொண்டு வந்தால், கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். வந்ததும் நிமிர்த்தி வைத்து ஓர் இரவு கழித்துச் சுவிட்சைப் போடுங்கள்.

கூலி கொடுக்கும்போது, எந்தப் பாகம் மாற்றினார், கசிவு எங்கே இருந்தது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது இல்லாமல் அங்கே போய் நின்றால் பேச்சுக்கு வலுவிருக்காது.

பெட்டி சரியாகும்வரை திறக்காத இன்சுலினை நன்றாக ஓடும் அண்டை வீட்டுப் பெட்டியில் வையுங்கள், உறைபனி அறையில் மட்டும் வேண்டாம்; உறைந்த இன்சுலின் உதவாது. பெட்டி எத்தனை நாள் சூடாகக் கிடந்தது என்பதைக் கிளினிக் மருந்தாளரிடம் மறைக்காமல் சொல்லி, அந்த மருந்தைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பழுது பார்த்த பிறகும் நடுத் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து, அதில் வெப்பமானியைப் போட்டு, மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 4 டிகிரி அளவில் காட்டினால் மருந்தைத் திரும்ப உள்ளே வைக்கலாம்.