மொழிபெயர்ப்பாளரை எங்கே தேடுவது?

(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



எபிரேயம், ஜெர்மன் முதலிய மொழிகளிலுள்ள நூலொன்றைத் தமிழாக்க விரும்பினால், ஊதியம் பேசித் தனியே பணிபுரியும் மொழிபெயர்ப்பாளரை எங்கே தேடுவது?

இக்கேள்வி புதியதன்று. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, டேனியக் கம்பெனியில் முன்னர்த் துபாஷியாயிருந்த அழகப்பன் என்பவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார். அத்தமிழர் போர்ச்சுகீசியமும் டேனியமும் ஜெர்மனும் அறிந்தவர். வாணிகம் நடக்கும் இடத்தில் மொழியறிந்தாரும் இருப்பர் என்பதற்கு அவரே சான்று.

நம் புனே நகரில் தேடுமிடங்களுக்குக் குறைவில்லை. பெர்குஸன் கல்லூரிச் சாலையிலுள்ள ரானடே நிலையமும், மாக்ஸ் முல்லர் பவனும் ஜெர்மன் பயிற்றுகின்றன. சாகணில் ஜெர்மானிய மோட்டார்த் தொழிற்சாலைகள் இருத்தலால், கற்றவர்க்கு வேலையும் உண்டு. எபிரேயம் எனின், கேம்ப் பகுதியில் 1867-ல் எழுந்த ‘லால் தேவள்’ என்னும் யூத ஆலயம் நினைவுக்கு வரும். மகாராஷ்டிரத்துப் பெனே இஸ்ரேல் மக்களின் வீட்டுமொழி மராத்தி. அவர்களுள் ஒருவரான ஜோசப் எஸக்கியேல் ராஜ்பூர்கர் என்னும் பம்பாய் ஆசிரியர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எபிரேய வழிபாட்டு நூல்கள் பலவற்றை மராத்தியில் பெயர்த்தார். வீட்டுமொழியைக் கைவிடாதவர்க்கே அத்தொண்டு கைகூடும்.

ஆளைக் கண்டபின் சோதித்தறிதல் வேண்டும். மூலத்தில் ஒரு பக்கம் கொடுங்கள். அவர் எழுதியதை முதலில் மூலமொழி அறியாதவர் படிக்கட்டும். தமிழ் இடறுகிறதா என்பது அவர்க்கே விளங்கும். பின்னர் இருமொழியும் வல்லவர் ஒப்புநோக்கட்டும். ஊதியத்தையும் தவணையையும் முன்னரே எழுதிக்கொள்ளுங்கள். நூலில் அவர் பெயரை அச்சிட மறவாதீர்கள்.

ஆயினும் ஒரு குறை. இங்கு ஜெர்மன் கற்கும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர், எழுதார். அதனால் ஜெர்மன் நூல் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வர நேர்கிறது. நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல ஜெர்மனில் ‘டூ’, ‘ஸீ’ என இரு விளிகள் உள. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். இருவர் பழகிப் பழகி ‘ஸீ’யினின்று ‘டூ’வுக்கு மாறும் நட்பின் நுட்பம் ஆங்கிலத்தில் மறைந்துபோகிறது. நேரே பெயர்ப்பவர்க்கோ தமிழில் அதற்குரிய சொல் காத்திருக்கிறது!

ஜெர்மானியரான கார்ல் கிரவுல் தமிழ் கற்று, 1856-ல் திருக்குறளைத் தம் மொழியில் வெளியிட்டார். அவர் நாட்டு நூல்களை நாம் நேரே பெற வேண்டாவா?

பெற்றோர்களே! பிள்ளையின் ஜெர்மன் வகுப்புக்குக் கட்டணம் செலுத்தும் அன்றே, நாள்தோறும் அரைமணி தமிழ் எழுதவும் பழக்குங்கள். நாம் தேடும் மொழிபெயர்ப்பாளர் நம் வீட்டிலேயே தோன்றுவர்.