விரதமும் நடையும்



கந்தசஷ்டியில் ஆறு நாள் உபவாசமிருக்கும் நாம், பாரணையன்று விட்டதையெல்லாம் வட்டியோடு மீட்டுக்கொள்கிறோம்! ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்றிமீற்றரை இடுப்புச் சுற்றளவு தாண்டி, இரத்த அழுத்தமும் சீனியும் கொழுப்பும் சேர்ந்தேறினால் அதனை வளர்சிதைமாற்ற நோய்க்கூட்டம் என்பர் வைத்தியர். மலையேறிக் கொழுந்தெடுத்த எங்கள் தாய்மார், வேலை ஓய்ந்தபின் லயத்து வாசலைத் தாண்டுவதில்லை. கோதுமை ரொட்டியும் சீனித் தேநீரும் மட்டும் குறைந்தபாடில்லை.

இராப்போசனத்தை நேரத்தோடு முடித்து, விடியும்வரை வயிற்றுக்கு ஓய்வளித்து, வாரம் 150 நிமிடமாவது நடப்பது நன்று. ஆயினும் இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்போர் வைத்தியரைக் கேளாது பட்டினி கிடந்தால், சீனி திடீரென இறங்கிவிடக்கூடும். எங்கள் பாட்டி அப்படித்தான் கோயிற்படியில் மயங்கிச் சாய்ந்தார். குளிசை எடுப்பதை அவர் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இவ்வருடம் காப்புக் கட்டுமுன் பெரியவர்களைக் கிளினிக்குக்கு நாமே அழைத்துச் செல்வோம். கிளினிக் கொப்பியை மறவாது எடுத்து வாருங்கள்.